பல்செட் அக்காவின் கல்லுருட்டி

எங்கள் லேபில் அவளை எல்லோரும் பல்செட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துக் கட்டுப்பல் செய்து கொடுக்கிற இடம் அது. இருபத்திரண்டு வருஷமாக அக்கா அங்கே வேலை பார்க்கிறாள். பக்கத்து மேசை என்னுடையது. ஈறு நிறப் பிளாஸ்டிக்கைக் குழைத்து, அச்சில் அழுத்தி, வேகவைத்து, ராவி, மெருகேற்றி அவள் கொடுத்தால் எந்த வாயிலும் அது கச்சிதமாக உட்காரும். சரியில்லை என்று திரும்பி வந்த செட் ஒன்றுகூடக் கிடையாது. அப்பேர்ப்பட்டவளை ஒரு பழைய மெஷின் ஐந்து மாதம் ஆட்டிப் படைத்துவிட்டது.

எல்லாம் அவள் வீட்டுக்காரரால் வந்த வினை. அவர் லாரி டிரைவர். லோடு இறக்கக் காத்திருக்கும்போது மற்ற டிரைவர்கள் தூங்குவார்கள், போனை நோண்டுவார்கள். இவர் குனிந்து கல் பொறுக்குவார். காலியாகத் திரும்பி வரவேண்டிய சாப்பாட்டு டப்பா கனமாக வரும். துவைக்கிற மெஷினின் வயிற்றுக்குள் கடகடவென்று சத்தம் கேட்கும். ஜன்னல் விளிம்பு, செருப்பு அலமாரி, சோப்பு டப்பா, எங்கே கை வைத்தாலும் கல்.

“வீடா இது, குவாரியா?” என்று அக்கா கேட்காத நாள் கிடையாது.

“எடுக்கும்போது ஈரத்துல என்னமா மின்னுச்சு தெரியுமா? காய்ஞ்சதும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குது” என்பார் அவர், ஏதோ கல்லின்மேல்தான் குற்றம் என்பதுபோல.

ஒருநாள் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு உருளைகள், அவற்றின்மேல் படுத்துச் சுழலும் ரப்பர் பீப்பாய் ஒன்று, ஓரத்தில் சின்ன மோட்டார். பீப்பாய்க்குள் கல்லையும் தண்ணீரையும் உரசுகிற பவுடரையும் போட்டு மூடி, வாரக்கணக்கில் உருட்டினால் கற்கள் ஒன்றோடொன்று தேய்ந்து வழவழப்பாகும். அது மெஷின் ஒழுங்காக இருந்தால். இதில் பெல்ட் அறுந்திருந்தது. உருளைகளின் முனைகளைத் தாங்கும் நான்கு புஷ்களும் தேய்ந்து லொடலொடத்தன. மூடி விரிசல் விட்டிருந்தது. மோட்டார் மட்டும் எப்படியோ உயிரோடு இருந்தது.

“இதை யாரு சரி பண்றது?”

“நீதான். வாய்க்குள்ள பல்லையே உட்கார வைக்கிற. இதெல்லாம் உனக்கு ஒரு வேலையா?”

அக்காவுக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்ததாம். ஆனாலும் ஒரு நிபந்தனை போட்டாள். “சரி பண்ணித் தர்றேன். பளபளன்னு ஆன கல்லு மட்டும்தான் வீட்டுக்குள்ள இருக்கணும். மத்ததெல்லாம் வெளியே.” அவர் உடனே தலையாட்டினார். அவ்வளவு சீக்கிரம் தலையாட்டினாரே, அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும் என்று அக்கா பிற்பாடு என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

உதிரிபாகக் கடைக்காரர் அறுந்த பெல்ட்டைப் பார்த்துச் சிரித்தார். “இந்த மாடலெல்லாம் இப்ப யாருங்க பண்றாங்க?” சைக்கிள் டியூபிலிருந்து ஒரு வளையம் வெட்டி மாட்டினாள். அரைமணி நேரத்தில் அது தொய்ந்து வழுக்கியது. தையல் மெஷின் தோல்பெல்ட்டை அளவாக வெட்டி, கம்பி போட்டு இணைத்தாள். அந்த இணைப்பு ஒவ்வொரு சுற்றுக்கும் டொக், டொக் என்று இடித்தது. கடைசியில் உருண்டையான பிளாஸ்டிக் கயிறு ஒன்றை வாங்கி வந்து, மெழுகு செதுக்கும் கத்தியைச் சூடாக்கி, இரண்டு முனைகளையும் உருக்கி ஒட்டினாள். நான்கு தடவை பிய்ந்தது. ஐந்தாவது தடவை நின்றது.

புஷ்களைக் கட்டுப்பல் பிளாஸ்டிக்கிலேயே செய்தாள். மதிய இடைவேளையில், சோறுகூட இறங்காமல், மயிரிழை பிசகாமல் கடைந்தாள். இளஞ்சிவப்பில் அத்தனை லட்சணமாக இருந்தன. இரண்டே நாள். கிறீச்சென்று அலறல், சூடு, மேசையெல்லாம் இளஞ்சிவப்புத் தூள்.

தேய்ந்ததைக் கொண்டு வந்து என் முன்னால் கொட்டினாள்.

“அக்கா, நீங்க செஞ்சு திரும்பி வந்த முதல் செட்டு இதுதான்” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. நான் என் வேலையைப் பார்க்க ஆரம்பித்தேன்.

அடுத்தது அடுப்படியில் கிடந்த வெள்ளைப் பிளாஸ்டிக் வெட்டுப்பலகை. வழுக்குகிற பிளாஸ்டிக், சூடும் ஏறாது. அதிலிருந்து நான்கு வட்டங்களை அறுத்துத் துளை போட்டாள். சத்தமே இல்லாமல் சுற்றியது. “காய் நறுக்கினா ஓட்டை வழியா விழுதே” என்றாராம் அவர். “விழட்டும்” என்றாளாம் இவள்.

மூடியை ஈறு பிளாஸ்டிக்கில் புதிதாக வார்த்தாள். அதற்கும் பீப்பாய்க்கும் நடுவே, பல் அச்செடுக்கிற சிலிக்கானில் ஒரு வளையம். ஒரு சொட்டுக்கூட கசியவில்லை. அதுதான் வம்பாகிவிட்டது. கற்கள் உரச உரச உள்ளே காற்று சேர்ந்துகொண்டே போய், நான்காம் நாள் டப்பென்று மூடி பறந்தது. அன்றைக்குத்தான் துவைத்துக் காயப்போட்ட துணிகள்மேல் சாம்பல்நிறச் சேறு. எல்லாவற்றையும் மறுபடி துவைத்தாள். அதற்கப்புறம் தினமும் வேலைக்குக் கிளம்புமுன் மூடியைத் திறந்து காற்றை வெளியே விடுவது அவள் பொறுப்பானது.

அதோடு விட்டதா? உதவி செய்கிறேன் பேர்வழி என்று வீட்டுக்காரர் பீப்பாயைக் கழுவி, அந்தச் சேற்றைப் பாத்திரம் கழுவும் தொட்டியிலேயே ஊற்றிவிட்டார். கல்மாவு குழாயின் வளைவில் போய் இறுகிப் பாறையாகிவிட்டது. வந்த பிளம்பர் குழாயையே அறுத்தெடுத்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “யாருங்க இதுல சிமெண்ட் கரைச்சு ஊத்தினது?” என்றார். அக்கா மூன்று நாள் வீட்டுக்காரரோடு பேசவில்லை. என்னோடும் சரியாகப் பேசவில்லை.

முதல் ஈட்டைத் திறந்தபோது முப்பத்தொரு கல் போட்டதில் பதினாலுதான் மிச்சம். மிருதுவான கற்களெல்லாம் கரைந்து சேறாகிவிட்டன. தப்பியவையும் கீறலும் மங்கலுமாக இருந்தன. ஒன்று கல்லே இல்லை.

“இது செங்கல் துண்டு! எது கல்லு, எது செங்கல்லுன்னு தெரியாமலா இத்தனை வருஷமாப் பொறுக்குறீங்க?”

“சிவப்பா, அழகா இருந்துச்சும்மா…”

மறுநாள் ஒரு இரும்பு ஆணியை எடுத்துக்கொண்டு அவரை எதிரில் உட்கார வைத்தாள். ஆணியால் கீறினால் கோடு விழுகிற கல்லெல்லாம் தள்ளுபடி. அவர் ஒவ்வொன்றையும் தயங்கித் தயங்கி நீட்டினார். கூடவே அதன் ஜாதகத்தையும் ஒப்பித்தார். இது பாலத்துக்குப் பக்கத்தில் டயர் வெடித்த அன்று எடுத்தது, இது மழையில் ரோடு அடைத்துக் கிடந்தபோது எடுத்தது என்று. அக்கா காதில் வாங்காதவள்போலக் கீறிக்கொண்டே இருந்தாள். இருபத்துமூன்று கல் தேறியது.

ஆறு வாரம். முதலில் கரடுமுரடான பவுடர், பிறகு நைசானது, பிறகு அதைவிட நைசானது. கடைசி மெருகுக்கு எங்கள் லேப் பவுடரைக் கேட்டாள். “ரோட்டுல கிடந்த கல்லுக்கா?” என்று வாயைப் பிளந்த முதலாளி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு டப்பாவையே எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திறக்கும்போது என்னையும் வரச் சொல்லியிருந்தாள். கழுவித் துண்டில் பரப்பினாள். சத்தியமாக நான் மூச்சுவிட மறந்தேன். தேன் நிறத்தில் வெள்ளைக் கோடு ஓடிய ஒன்று, கண்மணிபோலக் கறுப்பாக ஒன்று, பாசிப்பச்சையில் ஒன்று. ஜன்னல் வெளிச்சம் ஒவ்வொன்றிலும் சின்னதாக உட்கார்ந்திருந்தது. அக்கா வீட்டுக்காரரின் முகத்தையே பார்த்தாள்.

அவர் ஒன்றை எடுத்தார், திருப்பினார், வைத்தார். இன்னொன்றை எடுத்தார்.

“என்னங்க, வாயத் திறக்க மாட்டேங்கிறீங்க?”

“நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா… எது எதுன்னே அடையாளம் தெரியலையே.”

அக்காவின் முகம் போன போக்கைப் பார்த்து நான் கதவோரம் நகர்ந்தேன். ஐந்து மாதம், ஒரு வெட்டுப்பலகை, ஒரு குழாய், இத்தனைக்கும் அப்புறம் இந்த மனுஷன் சொல்வது இது! துண்டோடு சுருட்டி ஜன்னல் வழியாக வீசிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் அந்தத் தேன்நிறக் கல்லை எடுத்து அவர் உள்ளங்கையில் அழுத்தினாள்.

“இது பாலத்துல டயர் வெடிச்ச அன்னிக்கு எடுத்தது. நுனியில ஒரு பள்ளம் இருந்துச்சு. மூணாவது வாரத்துலதான் போச்சு.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“தினமும் காலையில திறந்து காத்து விட்டது யாரு? நீங்களா? இந்தக் கறுப்பு, மழையில ரோடு அடைச்சப்போ எடுத்தது. இந்தப் பச்சை, லாரி எடை போடுற இடத்துல.”

“பச்சை அங்க இல்லம்மா. அது சிமெண்ட் ஃபேக்டரி வாசல்.”

“எடை போடுற இடம்ங்கிறேன்!”

“பொறுக்கினவன் நான். எனக்குத் தெரியாதா?”

“இப்பதானே அடையாளம் தெரியலைன்னீங்க?”

என் டீ ஆறிப்போயிருந்தது. அதைக் குடித்துவிட்டு, வருகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். இருவர் காதிலும் விழவில்லை. படியிறங்கித் தெருவுக்கு வந்த பிறகும் மாடியிலிருந்து ஃபேக்டரி வாசல், எடை போடுற இடம் என்று மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தது.

திங்கள்கிழமை காலை லேபுக்கு வந்தவள் பையை மாட்டினாள், ஏப்ரனைக் கட்டினாள், யாருடைய மேல்தாடையையோ கையில் எடுத்தாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

“எடை போடுற இடம்தான்” என்றாள். “ராத்திரி சாப்பிடும்போது ஒத்துக்கிட்டாரு.”