பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை

நான் பொய் சொன்னேன். என் தம்பியின் மனைவி தர்சினியை மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கவிடாமல் தடுத்தது அந்தப் பொய்தான். காரணம் பொறாமை. வேறு ஏதாவது காரணம் அகப்படுமா என்று மூன்று வருடங்களாகத் தேடிவிட்டேன்... அகப்படவில்லை.

இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வரப்போவதில்லை. ஹோர்சன்ஸில் நடக்கும் பிறந்தநாள் விழாக்களில் என் எதிரே உட்கார்ந்து ரோல்ஸ் சாப்பிடப்போவதுமில்லை. நீதிபதியைத் தேர்ந்தெடுப்பதிலும் நான் கோழைதான்!

முதலில் என் கதை. நான் ஸ்கீவ என்ற டேனிஷ் ஊரில் வளர்ந்தவள். பள்ளிப் படிப்பு முடிந்தபோது மருத்துவத்துக்கான வெட்டுப்புள்ளியை ஒரு தசமத்தால் தவறவிட்டேன். ஒரேயொரு தசமம்! அதற்குள் அப்பா, ஸ்கீவயில் இருந்த அத்தனை தமிழ் வீடுகளிலும் "மகள் டொக்டருக்குப் படிக்கப்போறாள்" என்று சொல்லி முடித்திருந்தார். சொன்ன வார்த்தையை வீடு வீடாகப் போய் வாங்கிவர முடியுமா? நான் தாதிப் படிப்பில் சேர்ந்தேன். பதினாறு வருடங்களாக வைத்தியர்களுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். பக்கத்தில் மட்டும்.

தர்சினி கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தபோது அவளுக்கு இருபத்தைந்து வயது. டேனிஷ் மொழியில் நன்றி சொல்லக்கூடத் தெரியாது. அவளுக்கு வந்த கடிதங்களை நான் வாசித்தேன். வைத்தியரிடம் நான் கூட்டிப்போனேன். கடையில் எது கோதுமை மா, எது ரை மா என்று காட்டிக்கொடுத்தேன். அந்த முதல் வருடத்தில் அவள்மீது எனக்கு எத்தனை பிரியம்! சத்தியமாகச் சொல்கிறேன், அது நடிப்பில்லை.

பிறகு அவள் வளரத் தொடங்கினாள். மொழிப் பரீட்சைகளை ஒவ்வொன்றாகத் தாண்டினாள், கடைசிப் பரீட்சை வரைக்கும். அதோடு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இணையவழியாக உயிர்மருத்துவ விஞ்ஞானப் பட்டப்படிப்பு. பகலில் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குவாள். மாலையில் சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து, பருப்பு வேகும் நேரத்தில் விரிவுரை கேட்பாள். என் தம்பி சுதன் அவளுக்கு இடைஞ்சல் வராமல் சத்தமின்றிப் பாத்திரம் கழுவுவான்.

எனக்காக யார் சத்தமின்றிப் பாத்திரம் கழுவினார்கள்? அங்கேதான் தொடங்கியது என்று நினைக்கிறேன்...

அவள் பட்டம் முடித்த செய்தியைச் சுதன் ஒரு விழாவில் பெருமையோடு சொன்னான். உடனே நான், "ஒன்லைனில சாறியும் வாங்கலாம், பட்டமும் வாங்கலாம்!" என்றேன். மண்டபமே சிரித்தது. தர்சினியும் சிரித்தாள். அதன் பிறகு எங்கள் ஆட்களிடையே அவளுடைய படிப்புக்குச் 'சாறிப் பட்டம்' என்றே பெயர் விழுந்துவிட்டது. நான்கு வருட உழைப்பை ஒரு வாய் வார்த்தையால் மலிவாக்கிவிட்டேன்.

அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கலாமா என்ற கேள்வியோடு அவள் என்னிடம் வந்தாள். புள்ளியை மட்டும் பார்க்காமல் ஆளையும் பார்த்துத் தெரிவு செய்கிற இரண்டாவது வழி ஒன்று இங்கே உண்டு. அந்த வழி இருப்பது எனக்கும் பத்தொன்பது வயதில் தெரியும். மறுபடி தோற்றால் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாது என்று பயந்து நான் அந்தப் பக்கமே போகவில்லை. அவளோ பயமில்லாமல் கேட்டாள்!

பல்கலைக்கழக ஆலோசகருடைய தொலைபேசி பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரைதான். அந்த நேரத்தில் அவளுடைய கைத்தொலைபேசி களஞ்சியத்து அலுமாரியில் பூட்டிக் கிடக்கும். வேலை செய்யும் இடத்துக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். மின்னஞ்சல் போட்டால் 'இணையத்தளத்தைப் பார்க்கவும்' என்று ஒரு வரி வந்தது.

"மச்சாள், நீங்கள் ஒருக்கா எடுத்துக் கேளுங்கோவன். நீங்கள் கதைச்சா அவையள் விளக்கமாச் சொல்லுவினம்," என்றாள்.

எடுத்தேன். நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி விடுதியின் ஓய்வறையில், கோப்பி இடைவேளையில். மறுமுனையில் உற்சாகமான ஓர் இளைஞன். இணையவழிப் பட்டம் என்பது தன்னளவில் தடையில்லை என்றான். பல்கலைக்கழகம் அங்கீகாரம் பெற்றதா என்று பார்ப்பார்கள், பாட விவரங்களை இணைக்க வேண்டும், இரசாயனத்தில் ஏதும் குறைந்தால் இங்கே ஒரு பாடநெறியில் ஈடுசெய்யலாம், இடம் கிடைக்குமென்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் கட்டாயம் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள் என்றான். கடைசியாக, "அவருக்கு என் வாழ்த்துகளையும் சொல்லுங்கள்," என்றான்.

எல்லாவற்றையும் பழைய வேலைப்பட்டியல் ஒன்றின் பின்புறம் எழுதிக்கொண்டேன். இரசாயனம் என்ற சொல்லின் கீழே கோடுகூடப் போட்டேன். அந்த நிமிடம் வரை நான் நல்லவள்தான்... நம்புங்கள்!

பிறகு கதவு திறந்தது. புதிதாக வந்திருந்த இளம் வைத்தியை எட்டிப் பார்த்து, ஆறாம் அறை நோயாளியின் படுக்கை விரிப்பு நனைந்திருக்கிறது, மாற்ற முடியுமா என்று பணிவாகத்தான் கேட்டாள். ஒருநாள் தர்சினியும் வெள்ளை அங்கியோடு இதே கதவில் நின்று இப்படிக் கேட்பாள் என்று எனக்குத் தோன்றியது. நான் எழுதிய தாளைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டு விரிப்பை மாற்றப் போனேன்.

மாலையில் அவள் களஞ்சியச் சப்பாத்தோடே வந்து என் வாசலில் நின்றாள்.

"கேட்டனீங்களே, மச்சாள்?"

"ஓம், கேட்டனான்." அவள் தோளில் கை வைத்தேன். நோயாளிகளின் உறவினருக்குச் செய்தி சொல்லும்போது அப்படிச் செய்வது என் வழக்கம். "ஒன்லைன் பட்டமெண்டா எடுக்கவே மாட்டினமாம், தர்சினி. பைலைத் திறந்தும் பாக்க மாட்டினமாம்."

பைலைத் திறந்தும் பார்க்கமாட்டார்கள் என்பது என் சொந்தக் கைச்சரக்கு. முதல் வரியே போதுமாக இருந்ததே... பிறகு எதற்கு அது?

அவள் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தாள். "பரவாயில்லை மச்சாள். உங்களுக்குத்தான் கரைச்சல் தந்திட்டன்," என்றாள். உள்ளே வந்து எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்று கேட்கிறீர்களா? இருந்தது. அன்று நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

சுதன்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. "அக்கா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்," என்றானாம். 'சாறிப் பட்டம்' என்று ஊரே சிரித்த பட்டத்தைப் பல்கலைக்கழகமும் மறுத்ததில் யாருக்கும் ஆச்சரியம் வரவில்லை. நிலத்தை நான் முன்பே உழுது வைத்திருந்தேனே!

அடுத்த கிழமை அவளுக்கு முதியோர் பராமரிப்புப் பயிற்சிக்கான படிவத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன். அந்தப் படிவத்தை எவ்வளவு பரிவோடு நிரப்பினேன்! இன்று அவள் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். செவ்வாய்க்கிழமைகளில் வைத்தியர் வருவாராம். அவர் பார்த்து முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பாளாம். என்னைப் போலவே, பக்கத்தில். இதற்கிடையில் ஒரு பெண் குழந்தையும் பிறந்தாள். ஒவ்வொரு மார்ச் மாதமும் விண்ணப்ப முடிவுநாள் வந்து போகும். அந்த நாட்களில் நான் அவர்கள் வீட்டுப் பக்கம் போகமாட்டேன்.

போன மாரியில் டோஸ்ட்ருப்பில் ஒரு கலியாண வீடு. எங்கள் மேசையில் இருந்த ஒரு பெண், தன் மருமகள் மருத்துவம் படிக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இணையவழிப் பட்டத்தோடு விண்ணப்பித்து இடம் கிடைத்ததாம். தர்சினி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். அகப்பட்டுவிட்டேன்! முடிந்தது! அந்தக் கணத்தில் எனக்கு ஒருவித நிம்மதிகூட வந்தது...

அவள் என் காதருகே குனிந்தாள். "மச்சாள், சட்டத்தை மாத்திப்போட்டாங்கள் போல. நீங்களே இன்னொருக்கா எடுத்துக் கேளுங்கோவன்."

எனக்கான சாக்கை அவளே தேடித் தந்தாள். மூன்று வருடங்களில் ஒருதடவைகூட அவளுக்கு என்மேல் சந்தேகம் வரவில்லை! அவள் என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

பத்து மணிக்கு எடுத்தேன். இம்முறை ஒரு பெண் குரல். கிட்டத்தட்ட அதே சொற்கள், அதே பதில்.

"ஓம் தர்சினி," என்றேன். "இப்ப மாத்தியிருக்கினம்."

'இப்ப' என்ற சொல்லைக் கவனித்தீர்களா? உண்மையைச் சொல்லப் போன இடத்திலும் ஒரு பொய்யை ஒளித்துவிட்டேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன். பார்த்தவர்களுக்கு இரண்டு அழுகையும் ஒன்றுபோலத்தான் தெரிந்திருக்கும்.

விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டிய கட்டுரையை, டேனிஷ் பிழை பார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பினாள். ஏன் வைத்தியராக விரும்புகிறேன் என்று ஒன்றரைப் பக்கம். நன்றாக எழுதியிருந்தாள், என்னைவிட நன்றாக. நடுவில் இப்படி ஒரு பகுதி வந்தது: 'என் கணவரின் அக்கா ஒரு தாதி. எனக்குக் கதவு மூடியிருக்கிறது என்ற செய்தியை அவர்தான் சொன்னார். தோளில் கை வைத்து, சுற்றிவளைக்காமல் சொன்னார். கெட்ட செய்தியை ஒரு மனிதரிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை அன்று அவரிடம் கற்றுக்கொண்டேன்.'

அந்தப் பகுதியை அழித்துவிடலாம் என்று விரலை வைத்தேன். ஏன் அழித்தீர்கள் என்று அவள் கேட்டால் என்ன சொல்வேன்? சொல்ல வேண்டியதைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான நேரம் இனி வரப்போவதில்லை என்றும் எனக்குத் தெரிந்தது. வேறு இடங்களில் இரண்டு சிறு பிழைகளைத் திருத்தி, 'மிக நன்று' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.

ஜூலை மாத இறுதியில் பதில் வரும். அவளுக்கு இடம் கிடைக்க வேண்டுமென்று பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்து வைத்திருக்கிறேன். உண்மையாகத்தான் நேர்ந்தேன். ஆனால் கைகூப்பி நின்றபோதே உள்ளுக்குள் ஒன்று சொன்னது: கிடைக்காமல் போனால்... அன்று நீ சொன்னது அப்படியொன்றும் பெரிய பொய் இல்லை என்றாகிவிடுமே!

தேங்காய் என் சமையலறைத் தட்டில் இருக்கிறது. எந்தப் பதில் வந்தால் அதை மனம் நிறைந்து உடைப்பேன் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.