காணாமல் போகும் வேலை

நான் நான்காம் வகுப்பு படித்த ஆண்டு, ஆடிப்பெருக்கு அன்று காலையில், பெரியப்பா என்னைக் காணாமல் போகச் சொன்னார். சொன்னவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் காணாமல் போகும் பிள்ளைகளைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் சங்கத்துக்கே அவர்தான் தலைவர்.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆடிப் பதினெட்டு அன்று காவிரிப் படித்துறையில் நிற்க இடம் இருக்காது. புதிதாகக் கல்யாணமான பெண்கள் கல்யாண மாலையை ஆற்றில் விட வருவார்கள். மற்ற பெண்கள் மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்ள வருவார்கள். அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளைகளில் ஏதாவது ஒன்று பலூனைப் பார்த்தபடி நின்றுவிடும். அப்படி நின்ற பிள்ளைகளைக் கூட்டிவந்து உட்காரவைக்கத்தான், படித்துறைக்குப் போகும் வழியில் பெரியப்பாவின் சங்கம் வருடா வருடம் ஒரு கொட்டகை போட்டது.

பெரியப்பாவுக்குச் சம்பளம் கொடுத்தது ரயில்வே. ஆனால் அவர் உழைத்ததென்னவோ சங்கத்துக்கு. கொட்டகைக்கு மூங்கில் கட்டுவது அவர், மைக் செட்காரரோடு மல்லுக்கட்டுவது அவர், அழுகிற பிள்ளைக்கு மூக்குத் துடைப்பதும் அவர். கழுத்தில் பச்சைத் துண்டு போட்ட மற்ற தொண்டர்கள் "அடுத்து என்னண்ணே?" என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கல்யாணமான நாள் முதல் ஓர் ஆடிப்பெருக்குக்குக்கூட அவர் பெரியம்மாவோடு படித்துறையில் இறங்கியதில்லை. "எனக்குக் கட்டுன தாலிய இந்த மனுஷன் அந்த மூங்கிலுக்கே கட்டியிருக்கலாம்" என்று பெரியம்மா ஆடி மாதம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்.

நாங்கள் துறையூரில் இருந்தோம். ஆடிப்பெருக்குக்கு நான் ஸ்ரீரங்கம் வந்தது அதுவே முதல் தடவை. ஆகவே சங்கத்தில் யாருக்கும் என் முகம் தெரியாது. பெரியப்பாவுக்கு அதுதான் வசதியாகப் போயிற்று.

"நீ இன்னைக்குக் காணாமப் போகணும் கண்ணு. முடியுமா?"

"எங்க போகணும்?"

"எங்கயும் போக வேணாம். அந்தப் பூக்காரம்மா பக்கத்துல சும்மா நில்லு. பச்சைத் துண்டு போட்டவங்க வந்து கூப்பிட்டா மட்டும் போ. பேரு, ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை, ஒண்ணும் சொல்லக் கூடாது. அங்க நடக்குறதையெல்லாம் பாத்துவச்சுக்கிட்டு வந்து என்கிட்ட சொல்லணும்."

"நீங்க?"

கொட்டகைக்கு எதிர்ச்சாரியில் இருந்த டீக்கடையைக் காட்டினார். "அங்கதான் இருப்பேன். என் கண்ணு உன் மேலயேதான் இருக்கும்."

எதற்கு என்று கேட்டேன். ரோஸ்மில்க் என்றார். அது என் கேள்விக்குப் பதில் இல்லை என்பது எனக்கும் தெரிந்தது. ஆனாலும் ரோஸ்மில்க் ரோஸ்மில்க்தானே. சங்கத்து ஆட்களிடம் வயிறு சரியில்லை, வர முடியாது என்று சொல்லிவிட்டாராம். பிறகு தன் செல்போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைப் போர்த்தியபடி டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அந்தப் போன் வாயை மூடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பூக்காரம்மா பக்கத்தில் நின்றேன். அம்மா வாங்கிக் கொடுத்த மயில் கழுத்து நிறப் பாவாடையை முதன்முதலாக அன்று உடுத்தியிருந்ததால் நிமிர்ந்தே நின்றேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. காணாமல் போன பிள்ளை என்றால் அழ வேண்டுமே, எனக்கோ அழுகை வரவில்லை. வேடிக்கைதான் பார்க்க வந்தது. காவிரிக்குப் படைக்கும் காதோலை கருகமணி விற்கிறவர் ஒரே மூச்சில் எப்படி அத்தனை தடவை கூவுகிறார், ஆற்றில் விடும் மாலைகள் எல்லாம் எங்கே போய்ச் சேரும், மாலையோடு ஆற்றுக்குப் போகிற மாப்பிள்ளைகள் ஏன் எல்லோரும் திருட்டு முழி முழிக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு பச்சைத் துண்டு என் முன்னால் குனிந்தது. சங்கத்தின் செயலாளர் அண்ணன். வாட்டசாட்டமான ஆள், நல்ல நீச்சல்காரர், பெரியப்பாவுக்கு வலது கை. "அம்மா எங்கடா?" என்றார். நான் பேசவில்லை. அவ்வளவுதான், என்னைத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்துவிட்டார். "யாரு வீட்டுப் பிள்ளைங்க இது? பாருங்க, யாரு வீட்டுப் பிள்ளை?" என்று தொண்டை கட்டக் கத்தினார். வழியில் குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்தார். அந்த உயரத்திலிருந்து காவிரியே எனக்காக ஓடுவதுபோல் இருந்தது. காணாமல் போவதில் இவ்வளவு சுகம் இருக்கிறதென்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சுற்றோ சுற்றென்று சுற்றிவிட்டுக் கொட்டகைக்கு வந்தோம். வந்ததும் ஏச்சு விழுந்தது. எனக்கு இல்லை, அண்ணனுக்கு.

"மைக்க யாருகிட்ட குடுத்துட்டுப் போனீங்க தம்பி? நீங்க ஒரு பிள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டீங்க. இங்க இத்தனை பிள்ளைங்க வந்து உக்காந்திருக்கு, கூப்பிட ஆளில்ல."

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஓர் அக்காதான் அப்படிக் கேட்டது. பெரிய கடை வீதியில் வளையல் கடை வைத்திருந்தவர். ஆடி வியாபாரத்தை விட்டு, கடையைச் சாத்திவிட்டு வருகிறாரே, பிழைக்கத் தெரியாதவர் என்று கடைவீதியில் பேசிக்கொள்வார்களாம். முக்காட்டுக்கு மேலேயே பச்சைத் துண்டையும் சுற்றியிருந்தார். எனக்கு அவரைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், முகவாயாலேயே எல்லோரையும் வேலை வாங்கினார். ஒரு காலேஜ் பெண்ணைப் பார்த்து, "நீ மைக்கப் பிடி. சட்டை நிறத்த மட்டும் சொல்லு, பேரச் சொல்லாத. தேடி வர்றவங்கதான் பேரச் சொல்லணும்" என்றார். இன்னொருவரைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பினார். அழுது அழுது விக்கிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பையனை என் மடியில் உட்காரவைக்கச் சொன்னார்.

"இவனப் பாத்துக்க. நீதான் பொறுப்பு."

நானே காணாமல் போனவள், என்னிடம் போய்ப் பொறுப்பு கொடுக்கிறாரே என்று எரிச்சலாக வந்தது. சுற்றிலும் பார்த்தபோதுதான் தெரிந்தது, அங்கே ஒவ்வொரு பெரிய பிள்ளையின் மடியிலும் ஒரு சின்னப் பிள்ளை இருந்தது. பெரிய பிள்ளைகள் யாரும் அழவில்லை. அழ நேரமில்லை.

செயலாளர் அண்ணனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெரியப்பாவின் போனுக்கு அடித்துப் பார்த்தார். மறுபடி அடித்தார். "அண்ணன் இல்லாம இது ஓடாது. நான் வீட்டுக்குப் போய்க் கூட்டிட்டு வந்துர்றேன்" என்று பைக்கில் கிளம்பினார். அக்கா தடுக்கவில்லை. "வரும்போது பிஸ்கட் வாங்கிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

நான் எதிரே டீக்கடையைப் பார்த்தேன். துண்டுக்குள் இருந்தவர் எழுந்தார். தெருவில் ஒரு காலை வைத்தார். பிறகு திரும்பிப் போய் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் மறுபடி எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு ஏன் வரமாட்டேன் என்கிறார், வருவதாக இல்லையென்றால் எதற்காக எழுந்திருக்கிறார் என்று எனக்கு மண்டை குடைந்தது.

அப்போது ஈரப் புடவையோடு ஒரு பெண் அலறிக்கொண்டு வந்தார். என் மடியில் இருந்த பையன் "அம்மா" என்று துள்ளினான். விடப் போனேன். "விடாத" என்றார் அக்கா. எனக்கு அவரைக் கடித்துவிடலாம் போல இருந்தது. அக்கா அந்தப் பெண்ணை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "பிள்ளை பேரு என்னம்மா? என்ன போட்டிருந்தான்?" என்று கேட்டார். அவர் பதற்றத்தில் சிவப்புச் சட்டை என்றார். பையன் உடம்பில் சட்டையே இல்லை. அக்கா அசையவில்லை. "நெதானமா யோசிங்க. குளிக்க வச்சீங்களா?" என்றார். அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. சட்டையைக் கழற்றித் தன் பையில் வைத்தவரே அவர்தான். பையிலிருந்து சிவப்புச் சட்டையை எடுத்துக் காட்டினார். இடுப்பில் கறுப்புக் கயிறு, அதில் வெள்ளித் தாயத்து என்றும் சொன்னார். அது சரியாக இருந்தது. "இப்ப விடு" என்றார் அக்கா. விட்டேன். அவன் போன பிறகு மடி லேசாகிப் போனது எனக்கு ஏனோ பிடிக்கவில்லை.

செயலாளர் அண்ணன் வீட்டிலும் பெரியப்பாவைக் காணாமல் பிஸ்கட்டோடு மட்டும் திரும்பிவந்தார். வெயில் தாழ்ந்து கூட்டம் குறைந்த பிறகுதான் பெரியப்பா தெருவைக் கடந்து வந்தார். பிள்ளைகள் எல்லோரும் போய், நான் ஒருத்திதான் மிச்சம். "இவ என் தம்பி மக" என்று சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. "அப்படிங்களா அண்ணே? பிள்ளை என்ன நிறத்துல பாவாடை கட்டியிருந்துச்சு?"

நான் பாவாடையை நாற்காலிக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். விளையாட்டுக்குத்தான். பெரியப்பா "பச்சை" என்றார். பிறகு "இல்ல, சிவப்பு" என்றார்.

"அண்ணிய வரச் சொல்லுங்க. அவங்ககிட்டதான் குடுப்பேன்" என்றார் அக்கா.

அணைத்து வைத்திருந்த போனைத் தலைவர் எடுத்து, உயிர் கொடுத்து, வீட்டுக்குப் பேச வேண்டியதாயிற்று. பெரியம்மா ஆட்டோவில் வந்து இறங்கி, மயில் கழுத்து நிறம், மஞ்சள் கரை, இடது பக்கம் ஒரு பின்னு குத்தியிருக்கு என்று ஒப்பித்து என்னை மீட்டுக்கொண்டு, பெரியப்பாவை அந்த இடத்திலேயே வறுத்தெடுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. காலையிலிருந்து கண்ணை என் மேலேயே வைத்திருந்தவருக்கு என் பாவாடை நிறம்கூடத் தெரியவில்லையே.

அந்த ஆவணியில் பெரியப்பாவுக்கு இருதய ஆபரேஷன் நடந்தது. ஆடிப்பெருக்குக்கு முன்பே நாள் குறித்தாகிவிட்டது என்பதும், பெரியம்மாவைத் தவிர யாருக்கும் அதைச் சொல்லவில்லை என்பதும் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் சங்கத்தைக் கூட்டி வளையல் கடை அக்காவைத் தலைவராக்கினார். செயலாளர் அண்ணன் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, கொட்டகைக்கு மூங்கில் கட்ட வந்துவிட்டார். அடுத்த ஆடிப்பெருக்கில் பெரியப்பா கொட்டகையைத் தாண்டி, பெரியம்மாவோடு படித்துறையில் இறங்கினார். மஞ்சள் கயிறு கட்டத் தெரியாமல் திணறினார்.

ஆனால் நான் காணாமல் போன அன்று சாயங்காலம் எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? ரோஸ்மில்க் கடையில் என்னை உட்காரவைத்து, "சொல்லு, என்னென்ன பாத்த?" என்றார் பெரியப்பா. பாவாடைக் கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன்தான் நல்லவர் என்றேன். ஐஸ் வாங்கிக் கொடுத்ததைச் சொன்னேன். பெரியப்பாவைக் காணோமென்று அவர் தவித்த தவிப்பைச் சொன்னேன்.

"அந்த அக்கா?"

"அவங்க மோசம் பெரியப்பா. நீங்க வரலன்னு அவங்களுக்குக் கவலையே இல்ல. உங்களப் பத்தி ஒரு தடவகூடக் கேக்கல."

"ஒரு தடவகூடவா?"

"ஒரு தடவகூட."

அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்து முகத்தையே பார்த்தேன். அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். தனக்கும் ஒரு ரோஸ்மில்க் சொன்னார். பெரியம்மா அவரை முறைத்துவிட்டு, அதில் பாதியைத் தன் டம்ளரில் ஊற்றிக்கொண்டார். தன்னைத் தேடாத ஒருத்தரைப் பற்றி இவர் ஏன் இவ்வளவு ஆசையாகக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.

"நெஜமாவே ஒரு தடவகூடக் கேக்கலயா?" என்று மறுபடியும் கேட்டார்.

"இல்லவே இல்ல" என்று அடித்துச் சொன்னேன், இந்தத் தடவையாவது அவருக்கு அந்த அக்கா மேல் கோபம் வரட்டும் என்று.