செம்புக் கம்பியில் ஒரு முடிச்சு

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வருஷம் சித்தப்பா பம்பாயிலிருந்து திரும்பி வந்தபோது, அம்மாபேட்டையில் எங்கள் வீட்டார் யாரும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தறியை விட்டு ஓடிப்போனவர் என்ற கோபம். அம்மா சோற்றை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். காது கேட்காததுபோல் இருக்க அப்பாவுக்குத் தறிச் சத்தம் வசதியாக இருந்தது. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது, பள்ளிக்கூடத்தையும் நிறுத்தியிருந்தார்கள். பேச ஆளில்லாத இருவரும் கூட்டுச் சேர்ந்தோம்.

சித்தப்பா கிதார் செய்துகொண்டிருந்தார், அதுவும் மின்சாரக் கிதார். பம்பாய் ஓட்டலில் பார்த்தாராம். பழைய தறிப்பலகையைச் சீவி, சைக்கிள் கம்பியை வெட்டி வீணையில் இருப்பதுபோல் மெட்டுகளாகப் பதித்து, எஃகுத் தந்திகள் ஆறு பூட்டினார். தந்திக்கும் மெட்டுக்கும் நடுவே ஒரு தீக்குச்சி நுழைந்தால் போதுமென்று நாள் முழுக்கத் தேய்த்தார்.

"இது பாடிருச்சுன்னா மெட்ராசுக்குப் போயிருவேன் சாமி" என்று என்னிடம் மட்டும் சொன்னார். என்னைச் செல்லமாகச் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார். அவரும் போய்விட்டால் எனக்குப் பேச ஆளிருக்காது.

தந்தி அதிர்வதை மின்சாரமாக்க, அதற்கு அடியில் வைக்கும் காந்தத்தின்மேல் தலைமுடி போன்ற செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்ற வேண்டும். தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றுவதில் நான் கெட்டிக்காரி என்று அந்த வேலையை எனக்குக் கொடுத்தார். ராட்டையில் மாட்டி இரண்டு நாள் சுற்றினேன். நடுவில் ஒருமுறை கம்பி அறுந்தது. நூல் அறுந்தால் செய்வதைப்போலவே எச்சில் தொட்டு முறுக்கி முடிச்சுப் போட்டேன். விரலால் தடவினால்கூடத் தெரியாது.

சத்தத்தைப் பெருக்க ஒரு பழைய ரேடியோவில் இணைத்து முதல் தந்தியை மீட்டினார். ரேடியோ உறுமியது, கிதார் பேசவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பார்த்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"சுத்தறப்ப எங்கியாச்சும் அந்துச்சா சாமி?"

"இல்லீங்க சித்தப்பா."

நான் பொய் சொல்லவில்லை. முடிச்சுப் போட்ட இழையை எங்கள் வீட்டில் யாரும் அறுந்த இழை என்பதில்லை.

"அப்ப எம்புத்திதான் கோளாறு" என்று சிரித்தார்.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். பாடாத கிதாரை வைத்துக்கொண்டு சித்தப்பா எங்கே போவார்? அடுத்த வாரமே போய்விட்டார். எங்கே என்று வீட்டில் யாரும் விசாரிக்கவில்லை.

எனக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, மின்விசிறிக்குக் கம்பி சுற்ற வந்த ஆள் அறுந்த முனைகளைப் பிளேடால் சுரண்டிவிட்டு முறுக்கினான். ஏனென்று கேட்டேன்.

"மேல பூச்சு இருக்குதுங்கம்மா. சொரண்டாம முடிச்சுப் போட்டா கரண்டு போவாதுங்க."

அன்றைக்கு 'ஆமாங்க, ஒருக்கா அந்துச்சு' என்று சொல்லியிருந்தால் போதும். கிதார் பாடியிருக்கும். சித்தப்பா மெட்ராசுக்குப் போயிருப்பார். எனக்கு அங்கிருந்து ஒரு கடிதமாவது வந்திருக்கும்.