காகித முக்காலியில் கால் மணி நேரம்

உட்காருவதற்கும் பரீட்சை உண்டு என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. பரீட்சை பேத்திக்கு. உட்கார வேண்டியது நான்.

இதை நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். எனக்கு எண் தெரியும். பஸ் நம்பர் பார்த்து ஏறுவேன், கடிகாரம் பார்ப்பேன். எழுத்துதான் வரவில்லை. பேத்திக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. மருமகள் சங்கரன்கோவில் பக்கம் பத்தாவது வரை படித்துவிட்டு இங்கே வந்தவள். நான் 'அங்கன கெடந்துச்சு' என்றால் அவள் 'அங்கே கிடந்தது' என்று எழுதுகிறாள். எழுத்தில் ஏறுகிற பேச்சு குளித்துவிட்டுத்தான் போக வேண்டுமாம். போகட்டும்.

பம்பாயில், மாட்டுங்கா லேபர் கேம்பில் எங்கள் வீடு. என் வேலை கைமுறுக்கு சுற்றுவது. மாவை விரலால் முறுக்கி முறுக்கி, வட்டத்துக்குள் வட்டமாகத் துணியில் சுற்றிப் போடுவேன். எண்ணெய்ச் சட்டி மருமகள் பொறுப்பு. திலக் நகர் வரைக்கும் எங்கள் முறுக்கு போகிறது. ஆனால் முழங்கால் இரண்டும் போன பிறகு தரையில் உட்கார முடியவில்லை. பிளாஸ்டிக் ஸ்டூல் உயரம், குனிந்தால் இடுப்பு பிடிக்கிறது. பலகை தாழ்வு, உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். அதனால் கொஞ்சம் நின்று, கொஞ்சம் சாய்ந்து, தெருவை ஒரு தடவை எட்டிப் பார்த்து, அப்படித்தான் சுற்றுவேன். உண்மையைச் சொன்னால், முழங்கால் நன்றாக இருந்த காலத்திலும் நான் ஓரிடத்தில் உட்கார்ந்தவள் இல்லை. 'கால்ல சக்கரம் கட்டிக்கிட்டு வந்தவ' என்று என் மாமியார் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

பேத்தி சிவில் டிப்ளமோ இரண்டாம் வருஷம். ஒருநாள் பையைக்கூடக் கழற்றாமல் வந்து என் முன்னால் நின்றாள்.

"ஆச்சி, ஒன்ன அளக்கணும்."

"எதுக்குட்டி? இப்பவே பாடை கட்டப் போறியளா?"

"ச்சீ! காம்படிஷன், ஆச்சி."

அவர்கள் கல்லூரியில் போட்டி. தெருவில் கிடைக்கிற சாதாரணப் பொருளை வைத்து, வீட்டில் ஒருவருக்குத் தேவையான, பாரம் தாங்குகிற ஒரு சாமான் செய்ய வேண்டும். ஆணி கூடாது, டேப் கூடாது, கடைப் பசை கூடாது. யாருக்காகச் செய்தார்களோ அவரே வந்து, அதை உபயோகித்து, தினமும் செய்கிற வேலையைக் கால் மணி நேரம் செய்து காட்ட வேண்டும். அதுவரை உடையாமல் நின்றால் பூனாவில் நடக்கிற பெரிய போட்டிக்குப் போகலாம்.

இவள் வீட்டையும் சொந்த ஊரையும் விட்டால் வேறெங்கேயும் போய்த் தங்கியதில்லை. அப்பனிடம் கேட்டாள். என் மகன் பை தைக்கிற கார்கானாப் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். பேச்சும் கத்திரிதான்.

"ஜெயிச்சா போ. சும்மா போயிட்டு வாரதுக்குப் பூனா என்ன பக்கத்துத் தெரு பிள்ளையார் கோயிலா?"

அன்றைக்கே இவள் பூனாவுக்குத் துணி எடுத்து வைத்துவிட்டாள்.

கயிறு வைத்து என் முழங்காலிலிருந்து குதிகால் வரை அளந்தாள். மாவு மில்லுக்குக் கூட்டிப் போய், கோதுமை மூட்டை நிறுக்கிற தராசில் ஏற்றினாள். "என்னையும் அரைச்சு வாங்கிட்டுப் போயிராத" என்றேன். மில்காரர் சிரித்த சிரிப்பில் அவர் மேலெல்லாம் மாவு பறந்தது.

பிறகு வீடு முழுக்க ரத்திப் பேப்பர். பழைய பேப்பரை இங்கே அப்படித்தான் சொல்வோம். ஒவ்வொரு தாளையும் குடைக்கம்பியில் இறுக்கிச் சுருட்டி, மைதாப் பசை தடவி, கம்பியை உருவுவாள். விரல் கனத்தில் ஒரு குழல் வரும். அப்படி ஐம்பது அறுபது குழலைச் சேர்த்து நூலால் இறுக்கிக் கட்டினால் ஒரு கால். மூன்று கால். மேலே அட்டைப்பெட்டியைக் கிழித்து, ஒன்றைக் குறுக்கேயும் ஒன்றை நெடுக்கேயும் மாற்றி மாற்றி ஒட்டிய பலகை. நாலு கால் என்றால் நம் வீட்டுத் தரையில் ஆடும், மூன்று கால் எங்கே வைத்தாலும் ஆடாது என்றாள். முதலில் செய்தது அரிசி மூட்டையை வைத்ததும் சரிந்தது. இரண்டாவது பார்க்கும்போதே கோணல். மூன்றாவதன் மேல் நிறைந்த காஸ் சிலிண்டரைத் தூக்கி வைத்தாள், மருமகள் அலறினாள், முக்காலி அசையவில்லை.

"அத்த, நேத்து சாம்பார்ல பேப்பர் கெடந்துச்சு" என்று மருமகள் என்னிடம் புகார் சொன்னாள். இந்த வரியை எழுத வேண்டாம் என்கிறாள். எழுது என்றேன்.

எனக்கு ஒரே ஒரு கவலை. காகிதத்தில் கால் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாம். சரஸ்வதி அல்லவா. படித்தவர்கள் பேப்பரில் வடை பொட்டலம் கட்டுவார்கள், மிதிப்பார்கள், அவர்களுக்குச் சரஸ்வதி பழக்கமானவள். எனக்கு அவள் ஒரு நாளும் வாய்க்காதவள். அவள் மேலேயே போய் நான் எப்படி உட்காருவது?

"ஏட்டி, இது பூரா எழுத்துல்லா? எழுத்து மேல உக்காரலாமா?"

"ஆச்சி, அது நேத்து ந்யூஸ். யாருக்கும் வேண்டாம்."

அவளுக்கு வேண்டாம். எனக்கு மனசு ஆறவில்லை.

போட்டி அன்றைக்குக் காலையில் பேத்தி குளிக்கப் போனாள். மருமகள் குழாயடியில். முக்காலி சுவரோரம் ராணி மாதிரி நின்றது. புதுச் சட்டி, புதுச் சுளகு, புது மிக்ஸி, எது வந்தாலும் மஞ்சள் தண்ணீர் தெளித்துப் பொட்டு வைத்துத்தான் தொடுவேன். இதற்கு மன்னிப்பும் சேர்த்துக் கேட்க வேண்டும். சொம்பில் மஞ்சள் கரைத்தேன். 'தாயே, படிக்காதவ உக்காருதேன், பொறுத்துக்கோ' என்று சொல்லி மூன்று துளி தெளிக்கக் கையை நீட்டினேன். இப்போதெல்லாம் கை சொல்படி கேட்பதில்லை. சொம்பு சாய்ந்து பாதித் தண்ணீர் ஒரு காலின் மேல் போய்விட்டது.

காகிதம் அதை அப்படியே குடித்தது. ஒரு சத்தம் இல்லை.

முந்தானையால் ஒற்றினேன், ஊதினேன், மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தேன். மஞ்சள் கறை போகவில்லை. அந்தக் காலைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி மாவு பிசைய ஆரம்பித்தேன். பேத்தி வந்தாள், போர்வையைச் சுற்றினாள், தூக்கினாள். சொல்ல வாயைத் திறந்தேன். "லேட் ஆச்சு ஆச்சி, ஜல்தி!" என்றாள். வாய் மூடிக்கொண்டது.

டாக்ஸியில் அவள் மடியில் முக்காலி, என் மடியில் மாவு டப்பா. சிக்னலில் நின்றபோது போர்வைக்குள் மெல்லக் கை விட்டுத் தொட்டேன். நமுத்த அப்பளம் மாதிரி இருந்தது. சிக்னல் சீக்கிரம் விழ வேண்டும் என்றும் விழவே கூடாது என்றும் ஒரே நேரத்தில் நினைத்தேன். ஜன்னலைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன்.

"ஒனக்கு என்ன ஆச்சு? எறும்பு கடிக்கா?"

"புழுக்கமா இருக்குட்டி."

"ஏசி டாக்ஸி, ஆச்சி."

கல்லூரி ஹால் கல்யாண மண்டபம் போல இருந்தது. தென்னை மட்டையில் செய்த அலமாரி, மூங்கில் குச்சியில் செய்த கட்டில். எங்களுக்கு முன்னால் தேவ்நாரிலிருந்து வந்த ஒரு பெண் தன் வாப்பாவுக்கு அட்டை நாற்காலி செய்திருந்தாள். அவர் தையல்காரர், கடையநல்லூர்ப் பக்கத்துப் பேச்சு, ஆளும் நல்ல வாட்டசாட்டம். பிஸ்மி சொல்லி உட்கார்ந்து பட்டன் தைக்க ஆரம்பித்தார். நாலாவது நிமிஷம் நாற்காலி மெல்லப் படுத்துக்கொண்டது. தரையில் கிடந்தபடியே அவர் மகளைப் பார்த்து, "காலைல நாஷ்டாகூடப் பண்ணலியேம்மா நானு!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. என் பேத்தியும் சிரிக்கவில்லை.

எங்கள் முறை. நடுவராக வந்தவர் மராட்டிக்காரப் பெண்மணி. "யா, ஆஜி" என்று கூப்பிட்டார். மராட்டியில் பாட்டிக்கு ஆஜி. ஆச்சிக்கும் அதற்கும் எழுத்து வேறாம், என் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். போனில் நேரத்தைத் தட்டினார். துணியை விரித்து, மாவை எடுத்து, நான் உட்கார்ந்தேன்.

உட்காரவில்லை. அதுதான் விஷயம். சேலை பலகையைத் தொடுகிற அளவுக்கு இறங்கி, மொத்தப் பாரத்தையும் தொடையிலேயே நிறுத்திக்கொண்டேன். பார்க்கிறவர்களுக்கு உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும். கால் மணி நேரம் இப்படியே ஓட்டிவிட்டால் பிள்ளை பூனா போய்விடுவாள், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். ஒரு நிமிஷத்தில் முழங்கால் கொதித்தது. இரண்டாவது நிமிஷத்தில் உடம்பு முழுக்க நடுங்கியது. கை மட்டும் முறுக்கு சுற்றிக்கொண்டிருந்தது.

பேத்தி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. முறுக்கைப் பார்த்தாள்.

"ஆச்சி, இது என்ன முறுக்கு?"

"ஏன், கைமுறுக்குதான்."

"நீ சுத்துனா தட்டு மாதிரி வட்டமா வரும். இது ஏன் நண்டு மாதிரி போவுது?" குனிந்து என் பக்கவாட்டில் பார்த்தாள். "நீ உக்காரல. சீட்டிங் பண்ணுத!"

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை, முழங்காலும் தாங்கவில்லை. எழுந்து நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சரஸ்வதி, சொம்பு, மஞ்சள், மின்விசிறி. தமிழும் இந்தியுமாகக் கொட்டியதில் பாதி ஹாலுக்குப் புரிந்துவிட்டது.

பேத்தி முக்காலியைப் புரட்டினாள். மஞ்சள் கால். விரலால் அழுத்தினாள், பள்ளம் விழுந்தது. முகம் சுண்டிப் போனது. திட்டினால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

நடுவர் போட்டி விதி எழுதிய காகிதத்தைப் புரட்டிக்கொண்டே, போட்டிக்கு முன்னால் சாமானைச் சேதப்படுத்தினால் சேர்த்துக்கொள்வதில்லை என்று இந்தியில் சொன்னார். பேத்தி நிமிர்ந்தாள்.

"மேடம், ரூல்ல 'யூசர் தினமும் யூஸ் பண்ற மாதிரி'ன்னுதானே இருக்கு? எங்க ஆச்சி எந்தப் புதுச் சாமானையும் இப்படித்தான் யூஸ் பண்ணும். தண்ணி தெளிக்காம அது யூஸே பண்ணாது. இதுவும் யூஸ்தான்." இதையெல்லாம் மூச்சு விடாமல் இந்தியில்தான் சொன்னாள்.

நடுவர் என்னைப் பார்த்தார். என் மஞ்சள் முந்தானையைப் பார்த்தார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, நேரத்தை முதலிலிருந்து வைத்தார். "பைட்டோ, ஆஜி. இந்தத் தடவை நிஜமா உட்காருங்க."

"வெளி வரிசைக் குழல்தான் நனைஞ்சிருக்கும்" என்றாள் பேத்தி, எனக்கா அவளுக்கா என்று தெரியாத குரலில். "உள்ள இருக்கறது காஞ்சிருக்கணும். உக்காரு. ஆடாத."

ஆடாதே என்று என்னிடம்!

முழுப் பாரத்தையும் இறக்கினேன். 'நெறுக்' என்றது. ஒரு பக்கம் ஒரு விரல் அளவு இறங்கி, அங்கேயே நின்றது. என் உயரத்துக்கு அத்தனை பொருத்தம், முழங்கால் வலி வெயில் பட்ட பனியாகப் போனது. அதைக்கூட ரசிக்க விடவில்லை பயம். மூக்கு அரித்தது, சொறியவில்லை. முதுகில் வியர்வை ஊர்ந்தது. பின்னால் யாரோ தும்மினார்கள், திரும்பவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக நான் அசையாமல் இருந்தேன். விரல் பத்தும் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. துணியில் முறுக்கு வட்டம் வட்டமாக விழுந்தது.

போன் மணி அடித்தது. கால் மணி நேரம். கை தட்டினார்கள். தையல்கார வாப்பா விசிலே அடித்தார்.

"எந்திரிக்கவாட்டி?" என்றேன்.

குனிந்து பார்த்தால் இவள் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, மஞ்சள் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"எந்திரிக்காத ஆச்சி. பாஸ் ஆயிட்டோம். இது எப்ப ஒடையும்னு பாக்கணும்."

"ஏ மூதி, ஒடைஞ்சா விழுறது நான்லா!"

"ஒரு பக்கமாத்தான் சாயும். மேடம், அந்தக் கையப் பிடிச்சுக்கோங்க." நடுவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, அவரும் குனிந்து பார்க்க ஆரம்பித்தார். பேத்தி எண்ணினாள். "ஒரு குழல் மடங்கிருச்சு... ரெண்டு... மூணும் நாலும் சேந்து போவுது..." மாவு தீர்ந்துவிட்டது. சும்மா உட்கார்ந்திருந்தேன். உடையட்டும் என்றும் இருந்தது, இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்றும் இருந்தது.

இருபத்திரண்டாவது நிமிஷம், குளத்தில் எருமை படுப்பது போல நான் நிதானமாகப் பக்கவாட்டில் இறங்கித் தரைக்கு வந்தேன். அடி எதுவும் இல்லை. இவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"காஞ்ச காலா இருந்தா எம்புட்டு நேரம் தாங்கியிருக்கும்?" என்று கேட்டேன்.

பேனாவைக் கடித்தாள். "தெரியல. இன்னொண்ணு செஞ்சு பாத்தாத்தான் தெரியும்."

யாரும் என்னை எழுப்பிவிடவில்லை. நான் தரையில் இருந்தபடியே, எங்கள் சந்தில் யார் யார் வீட்டில் ரத்திப் பேப்பர் இருக்கும் என்று நினைத்துப் பார்க்க ஆரம்பித்திருந்தேன்.