பி.பி. பார்க்க வந்தவர்

இது நடந்தது. நேரம் உட்பட எதையும் நான் மறக்கவில்லை. நீங்கள் நம்பாமல் போனால் எனக்குக் கொஞ்சம் நிம்மதிதான்.

2018 ஜூலை. ஆரம்பாக்கம் பக்கம் ஒரு பழைய தியேட்டரில் நான் மேனேஜர். பேய்ப்படம் ஒன்று போட்டிருந்தோம். கூட்டம் சேர்க்க ஒரு யோசனை செய்தேன். 'இதயம் பலவீனமானவர்கள் தியேட்டர் வாசலில் பரிசோதித்துக்கொண்ட பிறகே உள்ளே வரவும்' என்று ஆட்டோவில் மைக் கட்டி, ஏரிக்கரைக் குப்பங்களில் சொல்ல வைத்தேன். தியேட்டர் வாசலில் ஓடாத ஆம்புலன்ஸ் ஒன்றை இழுத்து வந்து நிறுத்தினேன். பக்கத்தில் மேசை போட்டு, பி.பி. கருவியோடு சத்யாவை உட்கார வைத்தேன். டிக்கெட் கிழிக்கும் பெண் அவள். அன்று நர்ஸ் உடுப்பு. யார் வந்தாலும் "நார்மல்" என்று சொல்லி அனுப்பச் சொல்லியிருந்தேன்.

சனிக்கிழமை மேட்னி. இரண்டேகால் மணிக்கு ஆதிகேசவன் வந்தார். சுண்ணாம்புக்குளத்து மீனவர். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே கை நீட்டினார்கள். அவர் சிரிக்கவில்லை.

"காலைலேர்ந்து கை இழுக்குது. ஆஸ்பத்திரிக்குத்தான் கெளம்பினேன். இங்கயே பாக்கறாங்கன்னு மைக்ல சொன்னாங்க. இன்னான்னு பாரும்மா."

சத்யா என்னைப் பார்த்தாள். பின்னால் நீண்ட வரிசை. நான் தலையை ஆட்டினேன்.

நார்மல் என்றாள்.

அவர் முகம் தெளிந்தது. என்னையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்.

மூன்று ஐம்பது. இடைவேளை. எல்லாரும் கேன்டீனுக்குப் போக, அவர் மட்டும் மேசைக்கு வந்தார். வலி சுத்தமாகப் போய்விட்டது, இன்னொரு தடவை பாருங்கள் என்றார்.

சத்யா பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். புஸ்... புஸ்... புஸ்...

காற்றை மெல்ல இறக்கினாள். காலையிலிருந்து எல்லார் கையிலும் கேட்ட அந்த டக்... டக்...

கேட்கவில்லை.

"ஜில்லுனு இருக்குண்ணா" என்று முணுமுணுத்தாள்.

நானும் தொட்டேன். ஐஸ் பெட்டியில் கிடந்த மீனைத் தொட்டது போல...

பெல் அடித்தது.

"நார்மல்" என்றேன். நான்தான் சொன்னேன்.

ஐந்து பத்து. படம் விட்டது. பெருக்கப் போன வேலு ஓடி வந்தார்.

கடைசி வரிசை. ஆதிகேசவன் சாய்ந்திருந்தார். கண்கள் திறந்திருந்தன. ஆட்டோவில்தான் தூக்கிப் போனோம்.

தாடை விறைத்துவிட்டது என்றார் டாக்டர். மூன்று மணிக்கே உயிர் போயிருக்குமாம்.

படம் தொடங்கி அரை மணி நேரத்தில்...

நானும் சத்யாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

காரியம் முடிந்த மறுவாரம் அவர் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். வாய் வரவில்லை. அவர் மனைவி கஸ்தூரியம்மாள்தான் பேசினார். ஆஸ்பத்திரிக்கென்று கிளம்பிப் போனவர் அன்று நாலு மணிக்கே திரும்பி வந்தாராம். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லையாம்.

"'உனக்கும் மூச்சு வாங்குதே, அங்க நல்லா பாக்கறாங்க, வா'ன்னு கூப்ட்டாரு. கருவாடு காயுது, நாளைக்கு வரேன்னுட்டேன்."

புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அதுலேர்ந்து தெனம் நாலு மணிக்கு வந்து கூப்புடறாரு."

நான் மணி பார்த்தேன். மூன்று ஐம்பத்தாறு.

போகாதீர்கள் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.