டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த இடம்

போன வருடம் மாசி மாதம், சிதம்பரத்திலிருந்து புவனகிரிக்குப் போகும் ரோட்டில், வெள்ளாற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் இது நடந்தது. இப்போதும் அந்த இடத்தைக் கடக்கும்போது என் கால் தானாகப் பிரேக்கின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. பக்கத்தில் இருக்கும் என் மனைவி ஏன் என்று கேட்க மாட்டாள். அவளும் அந்த நேரம் பார்த்துப் பேச்சை நிறுத்தியிருப்பாள்.

எனக்குக் கடலூர் முதுநகரில் ஹார்டுவேர் கடை. ஆணி, தாழ்ப்பாள், பைப், பெயின்ட் எல்லாம் உண்டு. கடலோர ஊர் என்பதால் துருப்பிடிக்காமல் இருக்க இரும்புக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடு எங்கள் கடையில் நன்றாகப் போகும். ஜன்னல் கம்பி வாங்க வருகிறவருக்கும் சரி, கேட் செய்யக் கேட்டு வருகிறவருக்கும் சரி, ஒரு குட்டிப் பிரசங்கம் செய்யாமல் நான் அனுப்பியதில்லை. "உப்புக் காத்துங்க. வெளிய பாத்தா பளபளன்னு இருக்கும், உள்ள அரிச்சிக்கிட்டே இருக்கும். ரெண்டு கோட்டு அடிச்சிடுங்க" என்பேன். இந்த வசனத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்னைப் பார்த்துச் சிரிக்க உதவும்.

என் தங்கையைப் புவனகிரியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமையாவது துறைமுகத்தில் மீன் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய்விடுவேன். ஏன், புவனகிரியில் மீன் கிடைக்காதா என்றால், தாராளமாகக் கிடைக்கும். பரங்கிப்பேட்டை கூப்பிடு தூரம்தான். ஆனாலும் 'எங்க அண்ணன் கொண்டாந்த மீன்' என்று புகுந்த வீட்டில் சொல்லிக்கொள்கிற சந்தோஷம் கடையில் வாங்கும் மீனில் வராதில்லையா? எனக்கும் அதில் பெருமை உண்டு. மறைப்பானேன்.

மீனை ஐஸ் கொட்டித் தெர்மாகோல் பெட்டியில் வைத்து, காரில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால், கால் வைக்கிற இடத்தில் இறக்கிவிடுவேன். டிக்கியில் வைத்தால் உருளும். சீட்டின் மேல் வைத்தால் மனைவி திட்டுவாள். இங்கே வைத்தால் அளவெடுத்துச் செய்ததுபோல் அசையாமல் உட்கார்ந்துகொள்ளும். வருடக் கணக்காக அதுதான் மீன் பெட்டிக்கான இடம்.

அந்தத் தை மாதம் தங்கை மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாவை வேகவைத்து உதிர்த்துப் புட்டு செய்து கொடுத்தால் பால் நன்றாக ஊறும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தாய்மாமன் நான் இருக்கும்போது சுறாவுக்குப் பஞ்சம் வரலாமா? மாதத்துக்கு இரண்டு நடை என்பது வாரத்துக்கு இரண்டு நடை ஆயிற்று. துறைமுகத்தில் வழக்கமாக மீன் கொடுக்கிற அம்மா, "இன்னாண்ணே, உங்க வூட்ல பொறந்தது ஒரு புள்ளையா ஒம்போது புள்ளையா?" என்று கேலி செய்கிற அளவுக்கு வாங்கினேன்.

இதற்கிடையில் காரின் டிரைவர் சீட்டு ஒரு சத்தம் போட ஆரம்பித்திருந்தது. பிரேக் போட்டால் 'கடக்' என்னும். வண்டியைக் கிளப்பினால் இன்னொரு 'கடக்'. நன்றாகச் சாய்ந்தால் ஒரு விரற்கடை பின்னால் போய் நிற்கும். "உங்க வெயிட்டு ஜாஸ்தியாயிடுச்சு, தாங்க முடியாம அது அழுவுது" என்றாள் மனைவி. நான் என்ன செய்தேன் தெரியுமா? முதுகுக்கு இதமாக இருக்கட்டும் என்று மரமணி கோத்த கவர் ஒன்று வாங்கி அதன் மேல் மாட்டினேன். சத்தம் கேட்காமல் இருக்கப் பாட்டைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டேன். சீட்டு என்பது உட்காருவதற்கு. அது பழுதானால் முதுகு வலிக்கும், அவ்வளவுதானே என்று நினைத்திருந்தேன். பிரேக், டயர் எல்லாம் நான் மாதம் தவறாமல் பார்க்கிற ஆள். சீட்டு உடையும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அன்று குழந்தைக்கு ஒன்றரை மாதத்துத் தடுப்பூசி. சிதம்பரத்துக்கு அழைத்துக்கொண்டு போக வேண்டும். நானும் மனைவியும் காலையிலேயே சுறாவோடு போய் இறங்கிவிட்டோம். தங்கை மீனை ஆய உட்கார்ந்துவிட்டதால் நாங்கள் மூன்று பேரும் குழந்தையும் மட்டும் கிளம்பினோம். வாசலில் நின்று தங்கை தன் மகளிடம் சொன்னாள்: "மாமா சீட்டுக்குப் பின்னாடியே உக்காரு. ஓட்டுறவங்க பின்னாடிதான் சேஃப்டி." எல்லா வீட்டிலும் சொல்கிற பேச்சுதான். எனக்கும் அது கேட்க நன்றாக இருந்தது. தாய்மாமன் முதுகே ஒரு மதில்சுவர் என்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினேன்.

வழியில் பாதி ரோட்டை மறித்து நெல் காயப் போட்டிருந்தார்கள். அறுவடை சமயம். எனக்கு இதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். "ரோட்டையே பட்டா போட்டு வாங்கிட்டாங்க" என்று முணுமுணுத்துக்கொண்டு ஹாரனை அழுத்தினேன். நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த ஒரு அம்மா பலகையோடு ஒதுங்கி நின்று என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ஊசி போட்டுத் திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. தங்கை மகள் அதே இடத்தில், என் சீட்டுக்குப் பின்னால், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வந்தாள். கொஞ்ச தூரம் தூங்கிய குழந்தை விழித்துக்கொண்டு வீறிட ஆரம்பித்தது. பசி.

"வீடு வந்துடுச்சிம்மா. கொஞ்சம் பொறுக்கச் சொல்லு" என்றேன்.

மனைவி என் பக்கம் திரும்பினாள். "ஊசி போட்ட புள்ள பசில கத்துது. அதுங்கிட்ட போயி பொறுன்னு சொல்றீங்களே, நீங்க பொறுப்பீங்களா? சோறு அஞ்சு நிமிஷம் லேட்டானா வூடு ரெண்டாவுது."

"பால் குடுத்துடலாம் அத்தை. ஆனா இந்தப் பக்கம் எதுர்ல வர பஸ்ல இருந்து எல்லாரும் எட்டிப் பாக்குறாங்க" என்றாள் தங்கை மகள், கூச்சத்தோடு.

"அதுக்கென்ன, அந்தாண்ட நவுந்துக்கோ. வயலப் பாத்து உக்காந்து குடு."

அவள் குழந்தையை அணைத்தபடி இடதுபக்கம் நகர்ந்து, என் மனைவியின் சீட்டுக்குப் பின்னால் போய், ஜன்னல் பக்கம் உடம்பைத் திருப்பி உட்கார்ந்தாள். இத்தனை நேரம் அவள் இருந்த இடத்தில் வெந்நீர் பிளாஸ்க் வைத்திருந்த கூடையை வைத்தாள். அழுகை நின்றது. வண்டிக்குள் குழந்தை பால் குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. நான் பாட்டை நிறுத்திவிட்டேன்.

எதிரில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்துகொண்டிருந்தது. இடதுபக்கம் காலையில் பார்த்த அதே நெல். அதைத் தாண்டித் தூரத்தில் பாலம். ரோட்டில் ஒரு பள்ளம் இருந்ததை நான் கவனிக்கவில்லை. வண்டி தூக்கிப் போட்டது.

டமார் என்று ஒரு சத்தம். அடுத்த கணம் என் கண்ணுக்கு எதிரில் ரோடு இல்லை. காரின் கூரைதான் இருந்தது.

சீட்டு என்னோடு சேர்ந்து அப்படியே பின்னால் சாய்ந்துவிட்டது. மல்லாந்து கிடக்கிறேன். பெல்ட் போட்டிருந்தும் அது என்னோடேயே தளர்ந்து கிடந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகள் வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தன. கால்கள் இரண்டும் மேலே. பிரேக் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியவில்லை. வண்டி ஓடுகிறது, ஆனால் அதை நான் ஓட்டவில்லை. அந்த பயத்தை என்னால் எழுதிக் காட்ட முடியாது.

என் மனைவிக்குக் கார் ஓட்டத் தெரியாது. மார்க்கெட்டுக்கு ஸ்கூட்டி ஓட்டுவாள், அதுவும் மழை வந்தால் தள்ளிக்கொண்டு வருவாள். அவள் தாவி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். டிராக்டர் உறுமிக்கொண்டு எங்களை ஒட்டிப் போனது சத்தத்தில்தான் எனக்குத் தெரிந்தது. பிறகு சக்கரத்துக்கு அடியில் 'சர்ர்ர்' என்று மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம். நெல்லின் மேல் போகிறோம் என்று புரிந்தது. வேகம் குறைந்தது. ரோட்டோரம் கூட்டி வைத்திருந்த குவியலில் வண்டி மூக்கைப் புதைத்துக்கொண்டு, குலுங்கி, நின்றது. இன்ஜின் தானாக அணைந்துவிட்டது.

நான் படுத்தபடியே தலையைத் திருப்பிப் பார்த்தேன். என் தலை கிடந்தது பின்சீட்டின் மேல். கொஞ்ச நேரத்துக்கு முன் குழந்தையின் தலை இருந்த இடம். கூடை என் சீட்டுக்கு அடியில் நசுங்கித் தட்டையாகக் கிடந்தது. பிளாஸ்க்குக்குள் கண்ணாடி நொறுங்கி வெந்நீர் வழிந்துகொண்டிருந்தது.

ஒரு முழம் தள்ளி, தங்கை மகள் குழந்தையை நெஞ்சோடு பொத்திக் குனிந்திருந்தாள். மெல்ல நிமிர்ந்தாள். குழந்தை வாயை எடுத்துவிட்டு, யார் என்னைத் தொந்தரவு செய்தது என்பதுபோல் முகத்தைச் சுளித்தது. ஒரே ஒரு முறை சிணுங்கியது. பிறகு தேடிப் பிடித்து மறுபடியும் குடிக்கத் தொடங்கிவிட்டது.

"கண்ணு அவிஞ்சி போச்சா?" என்று கத்திக்கொண்டே அந்த நெல் கிளறுகிற அம்மா ஓடி வந்தார். கதவைத் திறந்ததும் குரல் மாறிவிட்டது. "அய்யய்யோ, பச்ச ஒடம்புக்காரிடா! தூக்குங்க, நெழலுக்குத் தூக்குங்க!" என்று கூட இருந்தவர்களைக் கூப்பிட்டார். தன் முந்தானையால் குழந்தையின் முகத்தை நெல்தூசி படாமல் மூடி, இருவரையும் புளியமரத்தடியில் சாக்கு விரித்து உட்கார வைத்தார். என்னை இரண்டு பேர் வெளியே இழுத்தார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. மனைவி மட்டும் இறங்காமலே இருந்தாள். கை ஸ்டியரிங்கை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்து எடுத்தேன். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. எனக்கும் வந்தது.

அவர்கள் கொடுத்த தண்ணீரை நாங்கள் குடித்து முடித்ததும் அந்த அம்மா என்னை உற்றுப் பார்த்தார். "காலையில ஆரன் அடிச்சி எங்கள வெரட்டிட்டுப் போனது நீங்கதான?"

தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது? அவர் சிரித்துவிட்டார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துடைப்பத்தை வாங்கினேன். அவர் எவ்வளவு தடுத்தும் கேட்காமல், சிதறிய நெல்லை நானும் மனைவியும் அவர்களோடு சேர்ந்து கூட்டிக் குவித்தோம். காலையில் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்த நெல் அது. அதை அள்ளும்போது கும்பிட வேண்டும்போல இருந்தது.

மறுநாள் சிதம்பரத்தில் ஒரு டிங்கரிங் பட்டறையில் வண்டியைப் பார்த்தோம். பட்டறைக்காரர் சீட்டை வெளியே எடுத்துவிட்டு, தரையில் ஒட்டியிருந்த விரிப்பைப் பிய்த்தார். பிய்த்த வேகத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டார். "என்ன சார், கார்ல கருவாடு போட்டீங்களா?" என்றார்.

விரிப்புக்கு அடியில் எல்லாம் துரு. சீட்டின் பின்கால்கள் இரண்டும் தரையோடு சேர்கிற இடத்தில் அரித்துப் போயிருந்தன. அவர் ஒரு துண்டை எடுத்து விரலால் அழுத்தினார். அப்பளம் மாதிரி நொறுங்கியது. வருடக் கணக்காக மீன் பெட்டியிலிருந்து ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் கசிந்து, விரிப்புக்கு அடியில் தேங்கி, யார் கண்ணிலும் படாமல் தன் வேலையைச் செய்திருக்கிறது. மேலே மரமணிக் கவர் புதுசு மாறாமல் இருந்தது. பக்கத்தில் நின்ற மனைவி, யாரிடமோ சொல்வதுபோல், "ரெண்டு கோட்டு அடிச்சிருக்கலாம்" என்றாள்.

அந்தத் துருப்பிடித்த காலைக் கேட்டு வாங்கி வந்து என் கடையில், ரெட் ஆக்சைடு டப்பாக்களுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். கார் வைத்திருக்கிற யார் வந்தாலும் காட்டுகிறேன். சீட்டு சத்தம் போட்டால் பாட்டைக் கூட்டாதீர்கள், விரிப்பைத் தூக்கிப் பாருங்கள், பின்னால் உட்காருகிற பிள்ளை உங்களை நம்பித்தான் உட்காருகிறது என்பதுதான் இப்போது என் பிரசங்கம். மீன் இப்போதும் கொண்டுபோகிறேன். மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில், டிக்கியில் கயிறு போட்டுக் கட்டி.

எல்லாம் நடராஜர் காப்பாற்றியது என்கிறாள் தங்கை. இருக்கலாம். எனக்கு வேறொன்று புரிந்தது. பட்டறையிலிருந்து திரும்பிய அன்று தங்கை வீட்டில் என் தட்டிலும் சுறாப் புட்டு வைத்தார்கள். ஒரு வாய் எடுத்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் குழந்தைக்குப் பால் ஊறட்டும் என்று கொண்டுபோன மீனும் சேர்ந்துதான் சீட்டின் காலை அரித்திருக்கிறது. அந்தப் பாலுக்குத்தான் குழந்தை அழுதது. அந்த அழுகைதான் அதை ஒரு முழம் தள்ளி உட்கார வைத்தது. இதை யார் கணக்குப் போட்டு நடத்தினார்கள் என்று நான் கேட்பதில்லை. கேட்கிற அளவுக்கு எனக்கு அறிவு போதாது. நினைக்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கிறது, அவ்வளவுதான்.

அவளுக்கு இப்போது ஒரு வயது முடிந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு வந்தால் என் கடை மேஜையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பசித்தால் ஊரைக் கூட்டுகிறாள். அப்போது மட்டும், எவ்வளவு வேலை இருந்தாலும், 'கொஞ்சம் பொறு' என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.