வெற்றிலைத் தட்டில் வைத்த சாவி

எனக்குக் கோர்வையாக எழுத வராது, பாதி மறந்தும் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் உசிலம்பட்டிப் பக்கம். குடும்பமே ஏறிப் போகிற மாதிரி ஒரு பெரிய பழைய காருக்கு மகன் அலைந்தான். ஆரப்பாளையத்தில் ஒரு பாயிடம் அமைந்தது. நல்ல நேரத்தில் போய் வண்டியில் என்ன குறை என்றெல்லாம் கேட்காதே என்று மகனிடம் நான்தான் சொல்லி வைத்தேன்.

சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். பேரப்பிள்ளைகள் அதற்குள் வண்டியில் ஏறிவிட்டார்கள். மூத்தவள் என்று பாய் என் வெற்றிலைத் தட்டில் சாவியை வைத்தார்.

"பின்னால கொக்கி வச்சுட்டா ஆட்டு டிரெய்லரையும் இழுத்துக்கிட்டுச் சந்தைக்குப் போயிரலாம்" என்றான் மகன்.

பாய் சட்டென்று சாவியை எடுத்துக்கொண்டார். கொடுத்ததை யாராவது தட்டிலிருந்து திரும்ப எடுப்பார்களா?

"என்ன பாய், வெல கூடக் கேக்குறீங்களா?" என்றான் மகன்.

"அட, அது கெடக்கட்டும் தம்பி. நானும் ஒருக்கா டிரெய்லர் மாட்டிப் பாத்தேன். மேடு நல்லா ஏறுச்சு. எறங்கையில பாரம் பின்னாலயிருந்து தள்ளுது, பிரேக்குல நிக்கல. புளியமரந்தான் நிப்பாட்டுச்சு. நீ இம்புட்டுப் பிள்ளைகளை ஏத்திக்கிட்டுல்ல போவ?"

பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கையைப் பிடித்து இறக்கினேன். பாய் குனிந்து, சக்கரத்தடியில் நசுங்காமலே கிடந்த பழங்களைப் பொறுக்கி என் தட்டில் வைத்தார்.

"இழுக்குற வண்டியாப் பாப்போம்மா. நானும் கூட வாரேன்."

நான் கேட்க விடாததை அவர் கேட்காமலே சொன்னார்.

பிரேக்கு விவரத்தைச் சரியாகத்தான் எழுதினேனா என்று வண்டி தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.